எனக்கென்று அரைத்த தூள்

சமையல் புத்தகத்தைப் பார்த்துச் சமைக்கிறவர்களை எனக்குக் கண்ணில் காட்டக்கூடாது. இதை நான் யூலியாவின் முகத்துக்கு நேரேயே சொன்னேன். அவள் சிரித்தாள். ஜெர்மனியில் பிறந்த பிள்ளை, நான் ஏசுவதையும் பகிடி என்றுதான் எடுத்துக்கொள்வாள்.

யூலியா என் சிநேகிதி புஷ்பமலரின் மகள். ஆஹெனில் படிக்கிறாள், சனி ஞாயிறுகளில் கிறேபெல்டுக்குத் தாய் வீட்டுக்கு வருவாள். இரண்டாயிரத்து ஐந்தாம் ஆண்டு அது. அவர்களுடைய தேவாலயத்தில் நத்தார்ப் பண்டிகைச் சந்தைக்கு ஒரு சமையல் புத்தகம் அடித்து விற்பது என்று தீர்மானித்திருந்தார்கள். போலந்துக்காரி, குரோவாசியக்காரி எல்லோரும் தங்கள் வீட்டுச் சமையலை எழுதிக் கொடுத்துவிட்டார்கள். எங்கள் ஆட்களின் பங்குதான் பாக்கி. எங்கள் ஆட்களிடம் செய்முறை கேட்டால் என்ன வரும் என்று தெரியும்தானே. கொஞ்சம் மல்லி, அளவாய் உப்பு, பதம் வந்ததும் இறக்குங்கோ. பதம் எப்போது வரும் என்று கேட்டால், வரும்போது தெரியும் என்பார்கள். போதாததற்கு, கைராசிக்காரிகள் எவரும் முழுதாய்ச் சொல்லமாட்டார்கள். ஒன்றை ஒளித்து வைத்துக்கொண்டுதான் மற்றதைச் சொல்வார்கள். அப்போதுதானே கேட்டவள் வீட்டில் அந்த ருசி வராமல் போகும்.

ஆகவே யூலியா ஒரு சின்ன மின்தராசைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாய் ஏறி இறங்கினாள். கையில் அள்ளியதையெல்லாம் பிடுங்கித் தராசில் வைத்தாள். கடைசியில் தூளுக்கு வந்தாள். கறித்தூள் இல்லாமல் எங்கள் சமையலைப் பற்றிப் புத்தகம் போடுவது தலை இல்லாத முண்டத்துக்குச் சீப்பு வாங்குவது போல.

தூள் விஷயத்தில் எனக்கு ஒரு திமிர் இருந்தது. நான் இருப்பது மூன்றாம் மாடி. ஒருநாள் மிளகாய் வறுத்தேன், கீழ் வீட்டுக் கிழவர் இருமி இருமித் தீயணைப்புப் படையையே கூப்பிட்டுவிட்டார். வீட்டுக்காரர் வந்து, இனிமேல் இந்த வேலை இங்கே கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். புஷ்பமலர் வீட்டுக்குப் பின்னால் தோட்டம் இருக்கிறது. அவள் வெளியே கேஸ் அடுப்பை வைத்துத் தாச்சியில் மல்லி, செத்தல் மிளகாய், மிளகு, சீரகம், வெந்தயம் எல்லாம் வறுத்து, எனக்கும் சேர்த்து அரைத்துத் தருவாள். அவள் மன்னார்க்காரி, வேதக்காரி. நான் யாழ்ப்பாணம், சைவம். ஆனாலும் கூடப் பிறந்தவள் செய்யாததை அவள் எனக்குச் செய்திருக்கிறாள். இந்த இரண்டு வருடமாய் அவள் தருகிற தூள் இருக்கிறதே, அப்படி ஒரு தூள். வெறும் கத்தரிக்காயைப் பிரட்டி வைத்தாலும் சட்டியை வழித்துச் சாப்பிடலாம். கண்ட கண்ட இடமெல்லாம் நான் அதைப் புகழ்ந்து திரிந்தேன்.

இதில் ஒன்றைச் சொல்லாமல் விட்டால் உங்களுக்கு மற்றது விளங்காது. நான் மச்சம் தொடுவதில்லை. மீன், இறைச்சி, முட்டை ஒன்றுமே இல்லை. பிறந்த குடும்பம் அப்படியில்லை. கடற்கரைக்குப் போய்ப் பேரம் பேசி நண்டு வாங்கிய கை இது. தொண்ணூற்றாறாம் ஆண்டு ஆவணியில், ரியூசனுக்குச் சைக்கிளில் போன என் மகன் சுகிர்தனைச் சந்தியில் ஆமிக்காரர் மறித்துப் பிடித்துக்கொண்டு போனார்கள். பதினேழு வயது. என் ஒரே பிள்ளை. தகப்பன் எண்பத்தெட்டிலேயே ஜெர்மனிக்கு வந்துவிட்டார், எங்களைக் கூப்பிட விசா சரிவரவில்லை. நான் தனியே முகாம் முகாமாய் அலைந்தேன். ஒருவரும் வாய் திறக்கவில்லை. அடுத்த தைப்பூசத்துக்குச் சந்நிதி முருகனுக்கு முன்னால் நின்று நேர்த்தி வைத்தேன். என் பிள்ளை வந்து என் முன்னால் நிற்கும்வரைக்கும் மச்சம் வாயில் வைப்பதில்லை. நீ அவனைப் பார், நான் இதைப் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

பிறகு நானும் ஜெர்மனிக்கு வந்தேன். முதியோர் இல்லத்தில் துப்புரவு வேலை. இடுப்பு முறிகிற வேலை. இரத்தம் குறைந்து வேலையிடத்திலேயே இரண்டு தரம் மயங்கி விழுந்தேன். மீன் சாப்பிடு, இறைச்சி சாப்பிடு என்று டொக்டர் கத்தினார். ஏலாது என்றேன். நான் ஒரு வாய் மீன் தின்றால் அவன் அங்கே என்ன ஆவான் என்ற பயம் எனக்கு. இதை விசர் என்று சொல்கிறவர்கள் சொல்லட்டும். பிள்ளையைத் தொலைத்தவளுக்குத்தான் தெரியும் எந்தக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள் என்று.

அந்தச் சனிக்கிழமை புஷ்பமலர் இன்னும் வேலையால் வரவில்லை. யூலியா குசினி மேசையில் தாயின் சாமான்களைப் பரப்பி வைத்துக்கொண்டு நிறுத்துக் குறித்துக்கொண்டிருந்தாள். அடுத்த கிழமை கந்தசஷ்டி தொடங்குகிறது, எனக்குத் தூள் முடிந்துவிட்டது, வாங்கிப்போக வந்தேன். வந்தவள் சும்மா இருக்கலாம்தானே. எனக்கு வாய் சும்மா இராது.

"பிள்ளை, புத்தகத்தில போடுறதெண்டா கொம்மா எனக்குச் செய்யிற தூளைப் போடு. உங்கட வீட்டுத் தூள் அதுக்குக் கிட்டவும் நிக்காது. நானும் சாப்பிட்டுப் பாத்தனான்" என்றேன்.

யூலியா பேனையை வைத்துவிட்டு யோசித்தாள். "அதைப் போடலாம் அன்ரி. ஆனா அதுக்குப் பக்கத்தில மரக்கறி எண்டு போடேலாதே. உங்கட தூளில கூனி இருக்கெல்லோ."

"என்ன கூனி?"

"கூனி இறால். காஞ்ச சின்ன இறால். அம்மா அதை நல்லா வறுத்து அரைச்சு உங்கட தூளுக்கு மட்டும் கலக்கிறவா. எங்கட தூளுக்குப் போடுறேல்லை." என் முகத்தைப் பார்த்துவிட்டு அவளுடைய குரல் இறங்கியது. "உங்களுக்கு ரத்தம் குறைவெண்டு டொக்ரர் சொன்னவராம். அதால நீங்கள் எடுக்கிறீங்கள் எண்டுதான் அம்மா எனக்குச் சொன்னவா."

நான் எழும்பிப் போய்க் குழாயைத் திறந்து வாயைக் கொப்பளித்தேன். திரும்பத் திரும்பக் கொப்பளித்தேன். இரண்டு வருடமாய் வயிற்றுக்குள் போனதை ஒரு வாய்த் தண்ணீரால் கழுவப் பார்த்த மடைச்சி நான். போன சஷ்டிக்கு அந்தத் தூளில் கறி வைத்து முருகனுக்கே படைத்திருக்கிறேன் என்ற நினைப்பு வந்தது. அதைவிடப் பெரிய பயம் சுகிர்தனை நினைத்து வந்தது. இரண்டு வருடமாய் நேர்த்தி முறிந்து கிடக்கிறது, எனக்குத் தெரியவில்லை. இந்த இரண்டு வருடத்தில் அவனுக்கு என்ன நடந்திருக்கும்?

யூலியா பயந்துபோய், "அன்ரி, நான் பிழையா ஏதும் சொல்லிப்போட்டனோ?" என்று கேட்டாள். அந்த நேரம் வாசற்கதவு திறந்தது. புஷ்பமலர் பையோடு உள்ளே வந்தாள்.

"புஷ்பம், என்ர தூளில என்ன போட்டனி?"

அவள் என்னைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள், மேசையில் இருந்த தராசைப் பார்த்தாள். மகளை மேலே போகச் சொன்னாள். பிறகு ஒரு கதிரையை எனக்குப் பக்கத்தில் இழுத்து வைத்து, "இருங்கோ அக்கா" என்றாள்.

"இருக்க வரேல்லை. முழுப் பூசணிக்காயைச் சோத்துக்க மறைச்சுப்போட்டு இப்ப இருங்கோ எண்டுறாய்."

"நீங்கள் வேலையில விழுந்து விழுந்து எழும்பினீங்கள். டொக்ரர் தந்த குளுசையும் ஒத்துவரேல்லை. கண்ணுக்கு முன்னால உருகிக்கொண்டு போறீங்கள். நான் என்னக்கா செய்யிறது?"

"சாக விட்டிருக்கலாம். என்ர நேர்த்தி அது. உனக்கு அந்தோனியார் எண்டா எனக்குச் சந்நிதியான். நீ மச்சம் விடுற தவசுகாலத்தில நான் எப்பவாவது உன்ர சோத்துக்க இறைச்சியை ஒளிச்சு வைச்சுத் தந்தனானோ?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அவள் குனியக் குனிய எனக்கு ஆத்திரம் ஏறியது. ஒரு நல்ல பதிலாவது சொன்னால் சண்டை பிடிக்கலாம். அவள் அதற்கும் இடம் தரவில்லை.

"கேட்டுக்கொள். என்ர பிள்ளைக்கு இதால ஏதும் நடந்திருந்தால், நான் உன்னைச் சும்மா விடமாட்டன். இந்த வீட்டு வாசல்ல நிண்டு மண் அள்ளித் தூத்துவன்."

அப்போதுதான் அவள் நிமிர்ந்தாள். சாபம் போடுகிறேன் என்றால் அவள் பயந்திருக்கவேண்டும். எனக்குத் தெரிந்த புஷ்பமலர் எல்லாவற்றுக்கும் பயப்படுகிறவள். தன் கடைசித் தம்பிக்கு நோய் வருத்தம் வந்தபோது கேவெலார் மாதாவிடம் நேர்த்தி வைத்து, அது முடியும்வரை செருப்பில்லாமல் நடந்தவள். அதிலே ஒரு நாள் குறைந்தாலும் தம்பிக்கு ஆகாது என்று, பனிக்காலத்திலும் கால் வெடிக்க வெடிக்க நடந்தாள். அப்படிப்பட்டவளின் முகத்தில் இப்போது பயம் இல்லை. இரக்கம்தான் இருந்தது.

நான் மெதுவாய்க் கதிரையில் இருந்தேன்.

"நீ நேர்த்திக்குப் பயந்தவள்" என்றேன். "அவன் உயிரோட இருக்கிறான் எண்டு உன்ர மனசில ஒரு துளி இருந்திருந்தாலும் நீ இதைச் செய்திருக்கமாட்டாய். என்ன புஷ்பம்?"

அவள் அழத் தொடங்கினாள்.

"எப்ப தொடக்கம் போடுறாய்?"

"அக்கா, வீட்டை போய் அண்ணையைக் கேளுங்கோ."

"நான் உன்னைத்தான் கேக்கிறன். எப்ப தொடக்கம்?"

"அண்ணை ஊருக்குப் போட்டு வந்த பிறகு" என்றாள்.

என் மனுசன் விஜயரத்தினம் இரண்டாயிரத்து மூன்றில், சண்டை ஓய்ந்திருந்த நேரம், செத்துப்போன தமையனின் அந்திரட்டிக் கிரியைக்கென்று யாழ்ப்பாணம் போய் வந்தார். போகிறபோது சுகிர்தனின் படத்தை அவர் கையில் கொடுத்து, எல்லா இடமும் காட்டிக் கேளுங்கோ என்று சொல்லிவிட்டிருந்தேன். வந்து, கேட்ட இடமெல்லாம் கையை விரித்துவிட்டார்கள் என்றார். அவ்வளவுதான் சொன்னார். நானும் நம்பினேன். ஒரு செய்தியும் இல்லை என்பது எனக்கு அந்த நாட்களில் நல்ல செய்திதான்.

புஷ்பமலர் கூட வருகிறேன் என்று கோட்டை எடுத்தாள். வரவேண்டாம் என்றேன். ட்ராமில் போனால் கெதியாய்ப் போய்விடலாம். நான் நடந்தேன். வீட்டுக்குப் போய்ச் சேரும்வரைக்கும் என் பிள்ளை இருக்கிறான். அதற்காகவே மெதுவாய் நடந்தேன். சிவப்பு விளக்கு விழுந்த இடத்தில் நின்றேன், பச்சை விழுந்த பிறகும் நின்றேன். ஒரு ஜெர்மன் மனுசி சுகமில்லையா என்று கேட்டாள். சுகம் என்றேன்.

அவர் குசினியில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நான் கோட்டைக் கழற்றவில்லை.

"புஷ்பம் போன் எடுத்தவா" என்றார். கீரையை மேசையில் வைத்துவிட்டுக் கையைக் கட்டியிருந்த சாரத்தில் துடைத்தார். துடைத்து முடிந்த பிறகும் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஆர் சொன்னது?"

"அவனோட உள்ளுக்க இருந்த பெடியன் ஒருத்தன். தப்பி வந்து கொடிகாமத்தில கடை போட்டிருக்கிறான். படத்தைக் காட்டினன். பாத்த உடன அழுதிட்டான். தான் கண்ணால கண்டதெண்டு சொன்னவன் கமலம்."

"எப்ப நடந்ததாம்?"

"பிடிச்ச அந்த வருசமே. மார்கழி பிறக்கமுந்தி."

நான் நேர்த்தி வைத்தது அதற்குப் பிறகு வந்த தைப்பூசத்துக்கு. நான் சந்நிதியில் நின்று பேரம் பேசியபோது அவன் இல்லை. இத்தனை வருடமும் நான் ஒரு செத்த பிள்ளையின் உயிரைக் காக்க வாயைக் கட்டிக்கொண்டு கிடந்திருக்கிறேன். சந்நிதியானுக்கும் தெரியும். என் மனுசனுக்கும் தெரியும். புஷ்பமலருக்கும் தெரியும்.

"எனக்கு ஏன் சொல்லேல்லை?"

"சொல்லத்தான் வந்தனான். ஏயார்போட்டில நீர் நிண்ட கோலத்தைப் பாத்தன். சொன்னா உம்மையும் பறிகுடுத்திடுவன் எண்டு தெரிஞ்சுது. நீர் அந்த நேர்த்தியைப் பிடிச்சுக்கொண்டுதான் எழும்பி வேலைக்குப் போறனீர். அதை நான் எப்பிடிப் பறிக்கிறது? பிறகு நீர் விழத் தொடங்கினீர். நான்தான் புஷ்பத்தைக் கெஞ்சினனான். அவ மாட்டன் எண்டவ. அவன் இல்லை எண்டு சொன்ன பிறகுதான் ஓம் எண்டவ."

அவர் மேலே என்னென்னவோ சொன்னார். எனக்கு ஒன்றும் காதில் ஏறவில்லை. ஒரே ஒரு கேள்விதான் எனக்கு இருந்தது.

"அவனுக்கு ஒண்டும் செய்யேல்லையோ? எட்டுச் செலவு, அந்திரட்டி, ஒரு பிடி சோறு, ஒண்டும் இல்லையோ? நாங்கள் இரண்டு பேரும் இருந்தும் என்ர பிள்ளை அந்தரிச்சுக்கொண்டோ நிண்டவன்?"

"இல்லை கமலம். செய்தனான்." அவர் என்னைப் பார்க்கவில்லை. "போன வருசமும் இந்த வருசமும் அவன்ர பிறந்த நாளுக்குப் படைச்சனான். இஞ்ச ஏலாதெண்டு புஷ்பம் வீட்டில. அவ சமைச்சுத் தந்தவ. நான் சைவ முறைப்படி தேவாரம் பாடிப் படைச்சனான். அவையும் தங்கட முறையில செபம் சொன்னவை."

சுகிர்தனின் பிறந்த நாளில் நான் வீட்டில் இருப்பதில்லை. விடிய ரயிலேறி ஹாம் நகரத்து அம்மன் கோயிலுக்குப் போவேன். அவன் பேருக்கும் நட்சத்திரத்துக்கும் அருச்சனை செய்து, நீண்ட ஆயுளைக் கொடு என்று கேட்டு, விபூதியை மடித்துக்கொண்டு பின்னேரம் திரும்புவேன். வாருங்கோ என்று அவரையும் கூப்பிடுவேன். வேலையில் ஆள் இல்லை, லீவு தரமாட்டார்கள் என்பார். நான் அங்கே ஆயுள் கேட்டுக்கொண்டு நின்ற நேரம் இவர்கள் இங்கே என் பிள்ளைக்குப் படைத்து, கும்பிட்டு, அழுது, சாப்பிட்டு எழும்பியிருக்கிறார்கள். பெற்றவள் ஒருத்தியைத் தவிர எல்லோரும் அவனுக்கு அழுதுவிட்டார்கள்.

எனக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது.

"என்ன படைச்சனீங்கள்?"

"நண்டு. அவனுக்கு நண்டெண்டா உயிரெண்டு நீர்தானே எப்பவும் சொல்லுவீர். எனக்கென்ன தெரியும், நான் விட்டிட்டு வரேக்க அவனுக்கு ஒன்பது வயசு."

"நண்டுக்கறி ஆர் வைச்சது? புஷ்பமோ?"

"ஓம்."

"முருங்கையிலை போட்டவளோ?"

அவருக்குக் கேள்வி விளங்கவில்லை. "என்ன?"

"இறக்கேக்க முருங்கையிலை போட்டவளோ எண்டு கேட்டனான்."

"எனக்கு வடிவா ஞாபகம் இல்லை கமலம். இல்லை எண்டு நினைக்கிறன். இஞ்ச முருங்கையிலைக்கு எங்க போறது?"

"அது இல்லாட்டி அவன் கோப்பையைத் தள்ளிப்போட்டு எழும்பிப் போயிடுவான்" என்றேன். என் குரல் எனக்கே உரத்துக் கேட்டது. "உங்களுக்குத் தெரியாது, புஷ்பத்துக்கும் தெரியாது. எனக்கு மட்டும்தான் தெரியும். என்னை ஒருத்தரும் கேக்கேல்லை. அந்தக் கறியை அவன் தொட்டிருக்கமாட்டான். ரெண்டு வருசமும் என்ர பிள்ளை வந்து பசியோடதான் திரும்பிப் போயிருக்கிறான்."